புலம்பெயர் தொழிலாளருக்கும் அவர் குடும்பத்துக்கும் துணை நிற்பது எப்படி? சமூகப் பணிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புலம்பெயர் தொழிலாளர்களிடையே வேலை செய்ய வரும் பலர் முதல் நாளே யாராவது ஒரு முதலாளியோடு மல்லுக்கு நிற்கத் தயாராக வருகிறார்கள். அந்த வேகம் வேண்டியதுதான். ஆனால் உதவ வந்தவர் அவசரப்பட்டதால் தொழிலாளி மேலும் சிக்கலில் மாட்டிக்கொள்வதும் இங்கே சகஜம். கேட்காமல் போட்ட ஒரு ஃபோன், யோசிக்காமல் சொன்ன "வெளியே வந்துடுங்க", இவை போதும். அதனால் எதை முதலில் செய்வது, எதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது என்ற வரிசையைத்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் வேற்று நாடுகளில் உழைப்புச் சந்தையில் இருந்தவர்கள் சுமார் 16.77 கோடி பேர். சொந்த நாட்டுக்குள்ளேயே தொலைதூரம் போய் வேலை செய்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் சம்பள பாக்கி, பிடுங்கி வைத்த பாஸ்போர்ட், ஏஜென்ட் கடன், வீட்டில் காத்திருக்கும் குடும்பம் ஆகியவை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

முதல் பேச்சு

முதல் தொடர்பு பெரும்பாலும் ஃபோனில் வரும். ஷிப்ட் முடிந்து அறையில் மற்றவர்கள் தூங்கிய பிறகோ, கழிப்பறைக்குள் நின்றுகொண்டோ பேசுவார்கள். அதனால் "என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிக்காமல், "இப்ப பேசலாமா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று ஆரம்பியுங்கள். அது யாருடைய ஃபோன், அதை வேறு யாராவது எடுத்துப் பார்ப்பார்களா, பேச்சு பாதியில் அறுந்தால் நீங்கள் திருப்பிக் கூப்பிடலாமா, எந்த நேரம் பாதுகாப்பானது என்று முதல் இரண்டு நிமிடத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். விடுமுறை நாளே இல்லாமல், ஃபோனையும் பறிகொடுத்துவிட்டு, கிடைத்த ஐந்து நிமிடத்தில் பேசுபவர்கள் அவர்கள். ஆபத்து என்றால் அனுப்புவதற்கு ஒரு சாதாரண வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். யார் படித்தாலும் சந்தேகம் வராத வார்த்தையாக இருக்கட்டும்.

அப்புறம் உடம்பு. அடிபட்டிருக்கிறாரா, சாப்பிட்டாரா, வழக்கமாக எடுக்கும் மாத்திரை கையில் இருக்கிறதா, இன்று இரவு எங்கே படுப்பார்? இருக்கும் இடத்தையும் கேளுங்கள். வருடக்கணக்காக ஒரே கேம்பில் இருப்பவருக்கும் அதன் முகவரி தெரியாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லலாம். அது முடியாவிட்டால் வாசல் பலகை, மின்கட்டண ரசீது, கம்பெனி பஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் பெயர் என ஏதாவது ஒன்றின் படம் போதும்.

உளவியல் முதலுதவிக்காக உலக சுகாதார நிறுவனம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. கவனித்துப் பார், காதுகொடுத்துக் கேள், உதவியோடு இணை என்ற மூன்று செயல்கள்தான் அதன் அடிப்படை. முழுக் கதையையும் முதல் நாளே கறந்துவிட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நடந்த கொடுமையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பதால் யாருக்கும் லாபம் கிடையாது. ஒன்றை மட்டும் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். பேச்சில் நம்பிக்கையிழப்பு தெரிந்தால், "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்று பதில் வந்தால் அவரைத் தனியே விடாமல், நம்பிக்கையான ஓர் அறைத்தோழரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போதைக்குச் செய்யக் கூடாதவை இரண்டு

தொழிலாளியின் அனுமதி இல்லாமல் முதலாளிக்கோ ஏஜென்டுக்கோ ஃபோன் போடாதீர்கள். நீங்கள் நியாயம் பேசிவிட்டு ஃபோனை வைத்துவிடுவீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அங்கே அறைக்கதவைத் தட்டுவது சூப்பர்வைசர்தான்.

வேலையை விட்டு வெளியே வரச் சொல்வது இரண்டாவது. விசா ஒரே முதலாளியோடு கட்டிப்போடப்பட்டிருக்கும் நாடுகளில், சொல்லாமல் கிளம்பியவர் மீது "ஓடிப்போனார்" என்று முதலாளி புகார் கொடுத்துவிடலாம். சம்பளம் கேட்க வேண்டியவர் அந்த நொடியிலிருந்து சட்டத்தின் பார்வையில் குற்றவாளி. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை, அதில் சந்தேகமில்லை. அப்போதும் எந்த வாசல் வழியாக, எந்தக் காப்பகத்துக்கு, அங்கே இன்று இடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவர் கால் வெளியே படவேண்டும்.

அவருக்கு என்ன வேண்டும்?

இதைக் கேட்காமலேயே கேஸ் நடத்துபவர்கள் நிறைய பேர். சம்பளம் தராத முதலாளி என்றதும் நமக்கு வழக்கு ஞாபகம் வருகிறது. அவரோ பாக்கியை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் இன்னும் ஒரு வருடம் வேலை செய்ய நினைக்கலாம். ஊரில் கடன் இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும் என்று நிச்சயமில்லை. இன்னொருவருக்குச் சம்பளமே வேண்டாம், டிக்கெட் கிடைத்தால் போதும். அம்மா படுத்த படுக்கையாக இருப்பார்.

எனவே உங்கள் முன்னால் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எவ்வளவு காலம் பிடிக்கும், அந்தக் காலத்தில் வேலை செய்ய அனுமதி உண்டா, எங்கே தங்குவது, தோற்றால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யோசிக்க ஒரு நாள் கொடுங்கள். அவர் எடுக்கும் முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருக்கலாம். பரவாயில்லை, வாழப்போவது அவர். யாரிடம் எந்தத் தகவலைச் சொல்லலாம் என்பதற்கும் தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள். தூதரகத்துக்குச் சொல்லலாம், மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்பவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. சொந்த நாட்டு அரசுக்குப் பயந்து வந்தவராக இருந்தால், அவரைக் கேட்காமல் தூதரகத்தைத் தொடர்புகொள்வதே ஆபத்தில் முடியலாம்.

மொழி பெயர்க்க ஆள் தேவைப்பட்டால், அதே கம்பெனியின் ஃபோர்மேனையோ தொழிலாளியின் சொந்தப் பிள்ளையையோ உட்கார வைக்காதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

காகிதம் சேர்ப்பது

இந்த வேலையில் பாதி இதுதான். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசா, வேலை அட்டை, ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஏஜென்டுக்குப் பணம் கொடுத்த ரசீது ஆகியவற்றை எல்லாம் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒப்பந்தம் இரண்டு இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். கிளம்பும் முன் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிட்டு, போய் இறங்கியதும் சம்பளத்தைக் குறைத்து, புரியாத மொழியில் இன்னொன்றை நீட்டுவது பழைய தந்திரம். ரசீது இல்லை என்றால் மனம் தளர வேண்டாம். ஏஜென்ட் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், கூட இருந்து பார்த்தவரின் பெயர் எல்லாமே உதவும். ஃபோனை மாற்றினால் வாட்ஸ்அப் அழிந்துவிடலாம், ஆகவே அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மூலப் பத்திரத்தை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். முதலாளி பாஸ்போர்ட்டை வைத்திருப்பது தவறென்றால், நாம் வைத்திருப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

வேலை நேரத்துக்கு ஒரு சின்ன நோட்டு போடச் சொல்லுங்கள். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த சைட், மேற்பார்வை பார்த்தவர் யார். தினமும் ஒரு வரி. இரண்டு மாதம் ஒழுங்காக எழுதிய நோட்டை விசாரணையில் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

கணக்கையும் அவரோடு உட்கார்ந்து போடுங்கள். ஒப்பந்தத்தில் மாதம் 1,040, 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம், சாப்பாடு இலவசம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 26-ஐ 8-ஆல் பெருக்கினால் 208 மணி நேரம். ஆக, மணிக்கு 5. அவர் தினமும் 10 மணி நேரம் வேலை செய்திருக்கிறார், அதாவது மாதம் 52 மணி நேரம் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு ஒன்றேகால் மடங்கு என்று சட்டம் இருந்தால் மணிக்கு 6.25, மாதத்துக்கு 325. சாப்பாட்டுக்கு என்று மாதம் 60 பிடித்திருக்கிறார்கள், அதையும் சேர்த்தால் 385. ஆறு மாதத்துக்கு 2,310. "எனக்கு நாலாயிரம், அஞ்சாயிரம் வரணும் சார்" என்று அவர் வாய்வார்த்தையாகச் சொல்லும் தொகையை அப்படியே புகாரில் எழுதினால், எதிர்த்தரப்பு அந்த ஒரு பொய்க்கணக்கைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். 2,310 என்று வழியோடு காட்டினால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

சம்பளத் தகராறா, கட்டாய உழைப்பா?

கட்டாய உழைப்பை அடையாளம் காணப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்வது, ஏமாற்றுவது, நடமாட்டத்தைத் தடுப்பது, தனிமைப்படுத்துவது, உடல் அல்லது பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனால் கட்டிப்போடுவது, மோசமான வேலை மற்றும் தங்குமிடச் சூழல், அளவுக்கு மீறிய ஓவர்டைம். ஒன்று தென்பட்ட உடனேயே "ஆள் கடத்தல்" என்று முத்திரை குத்த வேண்டாம். ஒன்றே போதுமான கேஸும் உண்டு, பல சேர்ந்தால்தான் தெளிவாகும் கேஸும் உண்டு. அந்தச் சந்தேகம் வலுத்தால் அது தொழிலாளர் அலுவலகத்தோடு முடிகிற விஷயம் கிடையாது. இதில் பயிற்சி பெற்ற காவல் பிரிவு, சட்ட உதவி, காப்பகம் என்று வழி மாறும். நீங்கள் தனியாக அந்த இடத்துக்குப் போய் விசாரிக்கக் கூடாது.

பேசும்போது கையில் இருக்க வேண்டிய சில விதிகள்: புலம்பெயர் தொழிலாளர்கள், அவர்களின் குடும்பத்தினர் உரிமைகளுக்காக ஐ.நா. 1990-இல் ஏற்று, 2003-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, அதிகாரம் பெற்ற அரசு அலுவலர் தவிர வேறு யாரும் அடையாள ஆவணங்களைப் பறிமுதல் செய்வது சட்டவிரோதம் என்கிறது. ஆளெடுக்கும் தனியார் ஏஜென்சிகள் பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் ஏற்ற 181-ஆம் உடன்பாடு, பொதுவிதியாகத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கான அதே அமைப்பின் 2011-ஆம் ஆண்டு 189-ஆம் உடன்பாடு, பாஸ்போர்ட் அவர்கள் கையிலேயே இருக்கலாம் என்று உறுதி தருகிறது. இவற்றை எந்த நாடு ஏற்றிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். 1990 உடன்படிக்கையை வேலைக்கு ஆள் எடுக்கும் பணக்கார நாடுகள் பெரும்பாலும் ஏற்கவே இல்லை. உள்ளூர்ச் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொன்னால் அலுவலகத்தில் காது கொடுப்பார்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

தொழிலாளர் துறை, நீதிமன்றம், தொழிற்சங்கம், சட்ட உதவி மையம், தூதரகம், சொந்த நாட்டில் ஏஜென்டுக்கு உரிமம் கொடுத்த அலுவலகம் என்று கதவுகள் பல. எதைத் தட்டுவதற்கு முன்பும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, கெடு எப்போது முடிகிறது? சம்பளக் கோரிக்கைக்குச் சில நாடுகளில் சில மாதங்கள்தான் அவகாசம், சில இடங்களில் ஓராண்டு. "தரேன், அடுத்த மாசம் தரேன்" என்று முதலாளி இழுத்தடிப்பதற்குப் பின்னால் பல நேரம் இந்தக் கெடு இருக்கிறது. இரண்டாவது, தொழிலாளியிடம் செல்லுபடியாகும் விசா இல்லை என்றால், இந்த அலுவலகம் அவர் விவரத்தைக் குடியேற்றத் துறைக்குக் கொடுக்குமா? தெரியாமல் அழைத்துக்கொண்டு போனால், புகார் கொடுக்க வந்தவர் தடுப்பு முகாமில் இருப்பார்.

தூதரகத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். புதிய பாஸ்போர்ட்டோ அவசரப் பயண ஆவணமோ தரலாம், சிறையில் வந்து பார்க்கலாம், வக்கீல் பட்டியல் தரலாம், முதலாளியை அழைத்துப் பேசலாம். நீதிமன்றத் தீர்ப்பை மாற்ற முடியாது. கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும் என்பது தூதரக உறவுகள் குறித்த 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு. அந்த உரிமை தனக்கு இருப்பதைக் கைதானவருக்கே சொல்ல வேண்டும் என்றும் அது கூறுகிறது.

வழக்கு முடியும் முன்பே ஊருக்குத் திரும்ப முடிவெடுத்தவர் என்றால், விமானம் ஏறும் முன் நம்பகமான ஒருவருக்கு முறைப்படி பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஊருக்குப் போன பிறகு அதைச் செய்வது அலைச்சல், செலவு, மாதக்கணக்கான தாமதம். புறப்படும் நேரத்தில் "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பணம் கையில் வராமல் போடக் கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போட்டுவிட்டால், எந்தச் சூழ்நிலையில் போட்டார் என்பதை உடனே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருக்கும் குடும்பம்

தொழிலாளிக்கு ஒரு ஃபைல், குடும்பத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்தால் இரண்டுமே பாதியாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் மறைக்கிறார்கள். அவர் சம்பளம் வரவில்லை என்பதைச் சொல்லாமல் "பேங்க்ல ஏதோ பிரச்சினை" என்கிறார். ஊரில் மனைவியோ கடன்காரன் வாசலில் வந்து நின்றதைச் சொல்லாமல் "எல்லாரும் சௌக்கியம்" என்கிறாள். நடுவில் நிற்கும் உங்களுக்கு இரண்டும் தெரிந்திருக்கும். நீங்களாகப் போட்டு உடைக்காதீர்கள். அவரே சொல்வதற்கு வழி செய்யுங்கள். எப்படிச் சொல்வது என்று முன்கூட்டிப் பேசிப் பார்ப்பதும், வேண்டுமானால் அந்த அழைப்பில் நீங்களும் கூட இருப்பதும் பெரிய உதவி.

வீட்டில் தேட வேண்டியவை: பாஸ்போர்ட் நகல், ஏஜென்டின் விசிட்டிங் கார்டு, பணம் கொடுத்ததற்கான ஏதாவது சீட்டு. அலமாரியிலோ பெட்டிக்குள்ளோ மஞ்சள் பையிலோ கிடக்கும். பிறகு கடன் கணக்கு. யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி என்ன, எதை அடகு வைத்தார்கள், யார் ஜாமீன் என்று ஒரே தாளில் எழுதுங்கள். அதிக வட்டிக் கடன் எது என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் இதுவரை ஒப்பிட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வட்டியைக் குறைக்கவோ தவணை கேட்கவோ பேசலாம். நீங்கள் ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். பணம் அனுப்பும் செலவையும் ஒருமுறை பாருங்கள். அதை 2030-க்குள் 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகளில் ஒன்று. ஆனால் ஒரே நகரத்திலேயே கடைக்குக் கடை கட்டணமும் மாற்று விகிதமும் வித்தியாசப்படும்.

பிள்ளைகளிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. அப்பாவோ அம்மாவோ ஏன் வரவில்லை என்பதற்கு அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறார்கள், பெரும்பாலும் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு. வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். எப்போதாவது ஒரு மணி நேரம் பேசுவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் பேசுவது பிள்ளைக்கு நல்லது. பள்ளியில் ஓர் ஆசிரியருக்காவது நிலைமை தெரிந்திருக்கட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்பதும் இந்த வேலையில்தான் சேரும். அவர் விழுந்தால் வீடே விழும்.

வேலைக்குப் போனது தாய் என்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. பிள்ளை மார்க் குறைந்தாலும் அவள் போனதுதான் காரணம். அந்த வரிசையில் நீங்களும் சேராதீர்கள். அவள் அனுப்பும் பணம் யார் கையில் போகிறது, அவள் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

குடும்பமே கூடப் போயிருந்தால் பிரச்சினைகள் வேறு. பள்ளிச் சேர்க்கை, அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புப் பதிவு, கணவனின் விசாவைச் சார்ந்திருக்கும் மனைவி. அடி வாங்கினாலும் "விசா போயிடும்" என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, தனியாகத் தங்க அனுமதி பெறும் வழி அந்த நாட்டில் உண்டா என்பதை அவளுக்கு முன் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

மரணமோ, காணாமல் போவதோ

தகவல் வாட்ஸ்அப் வழியாகக் குடும்பத்துக்குப் போவதற்குள், உறுதி செய்துகொண்டு நேரில் ஒருவர் போய்ச் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சரிபார்க்காமல் சொல்லவே கூடாது. ஒரே பெயரில் ஒரே கேம்பில் இரண்டு பேர் இருப்பார்கள்.

உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கமா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். காரணம் சந்தேகமாக இருந்தால் பிரேதப் பரிசோதனை கேட்கும் உரிமையையும், அதனால் தாமதம் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் என்ன என்று எழுதியிருக்கிறது என்பது நஷ்டஈட்டைத் தீர்மானிக்கும். கடும் வெயிலில் வேலை செய்து விழுந்தவரின் சான்றிதழில் "இயற்கை மரணம்" என்று இருந்தால் குடும்பத்துக்கு எதுவும் வராமல் போகலாம். உடலை அனுப்புவதற்காக "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கேட்டால், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். சம்பள பாக்கி, பணிக்கொடை, காப்பீடு, விபத்து நஷ்டஈடு நான்கும் தனித்தனி. ஒன்று வந்ததும் மற்றதை மறந்துவிடுகிறார்கள்.

ஆள் காணவில்லை என்றால் மருத்துவமனை, காவல் நிலையம், தடுப்பு முகாம், தூதரகம் என்று தேடுங்கள். அதோடு செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்கள் பிரிந்த குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பணியை உலகம் முழுக்கச் செய்கின்றன. இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை.

திரும்பி வந்த பிறகு

வெறுங்கையோடு வந்தவர் முதல் சில வாரங்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பார். கல்லோ தூசியோ ரசாயனமோ சம்பந்தப்பட்ட வேலை செய்தவர் என்றால் முதலில் நுரையீரல் பரிசோதனை. சிலிக்கா தூசியின் பாதிப்பு வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும், எனவே எங்கே எவ்வளவு காலம் வேலை செய்தார் என்று டாக்டருக்கு எழுதிக் கொடுங்கள். ஏஜென்ட் மீதான புகாரை இப்போது போடலாம். அங்கே கற்ற வேலைக்கு இங்கே சான்றிதழ் வாங்க முடியுமா என்று பாருங்கள். மறுபடி போகிறேன் என்பார். தடுக்காதீர்கள். ஒப்பந்தத்தைக் கொண்டுவரச் சொல்லி, கூட உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.

உங்களுக்குச் சில

சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள், அலுவலக எண்ணைத் தவிர வேறு எண் கொடுக்காதீர்கள், "கண்டிப்பா வாங்கித் தரேன்" என்று சொல்லாதீர்கள். முகம் தெரியும் படத்தைச் செய்திக்குக் கொடுக்கும் முன், அது அவர் வேலை பார்க்கும் ஊரிலும் பார்க்கப்படும் என்று யோசியுங்கள். ஒவ்வொரு பேச்சும் முடியும்போது அடுத்து நீங்கள் எந்தத் தேதியில் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு, புதிய செய்தி எதுவும் இல்லாவிட்டாலும் அன்று கூப்பிடுங்கள். கேஸை மூடும்போது ஃபைலின் முழு நகலையும் அவரிடம் கொடுத்து, எந்தத் தாள் எதற்கு என்று ஒவ்வொன்றின் மேலும் ஒட்டுச்சீட்டில் அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் எழுதி வையுங்கள்.